மண்டபம் காற்றுக்கு நேர் சுங்கான்: எதைப் பார்த்து வாங்குவது?

கேட்டவர்: மண்டபம்முனை

எல்லாருக்கும் வணக்கம். வளைவே இல்லாத பழைய பாணி சுங்கான், அதாவது புகையிலை பிடிக்கிற பைப், ஒன்று வாங்கணும். பில்லியர்டு என்கிற வடிவம்தான் மனசில் இருக்கு. புகையிலை நிரப்புகிற பவுல் நின்ற வாக்கில், அதோடு செங்கோணத்தில் சேர்கிற தண்டு, வாயில் வைக்க நேராக ஓடுகிற ஸ்டெம். இணையத்தில் பார்த்தால் எல்லாமே ஒரே மாதிரி பளபளன்னு இருக்கு, விலை மட்டும் பத்து மடங்கு வித்தியாசம்.

தெரிய வேண்டியது இவ்வளவுதான்:

பில்லியர்டா, லோவட்டா, கனேடியனா? பிடிக்கிற இடம் மண்டபம் ஊர்க் கடற்கரை ஓரம், கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் தீக்குச்சி நிற்காது. ஸ்டெம் எபோனைட்டா, அக்ரிலிக்கா? ஃபில்டர் வைத்தது வேணுமா? படத்தைப் பார்த்து நல்லது கெட்டது கண்டுபிடிக்க வழி இருக்கா? துபாயிலிருந்து வரும் சொந்தக்காரர் மூலம் வாங்கலாம், ஆனால் அவருக்கு இதில் ஒன்றும் தெரியாது. அவரிடம் என்ன சொல்லி அனுப்பணும் என்றும் சொல்லுங்க.

---

பதில் 1: சங்குத்துறை

தம்பி, கம்பெனிப் பெயரை அப்புறம் பார்க்கலாம், முதலில் துளையைப் பாருங்க. சுங்கானில் பாதி விலை பளபளப்புக்கும் மரத்தின் ரேகைக்கும் போகுது. புகை நல்லா வருதா இல்லையா என்பதை முடிவு பண்ணுவது உள்ளே ஓடுகிற காற்றுத்துளை.

பவுலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் அடியில் ஒரு ஓட்டை தெரியும். அது குழியின் தரையை ஒட்டி, நட்ட நடுவில் வரணும். தரையிலிருந்து 3, 4 மி.மீ. மேலே ஏறி இருந்தால் அதற்குக் கீழே உள்ள புகையிலை கடைசி வரை எரியாது. ஈரம் அங்கே தேங்கும், இழுக்கும்போது களகளன்னு சத்தம் வரும், கசப்புத் தண்ணி நாக்கில் ஏறும். ரொம்பக் கீழே இறங்கினால் துரப்பணம் தரையில் வாய்க்கால் வெட்டியிருக்கும். அந்த இடத்தில் மரம் மெலிந்து போகும், நாளாவட்டத்தில் அடி பொத்துக்கொள்ளும். இடம் வலமாக ஒதுங்கியிருந்தால் ஒரு பக்கச் சுவர் மட்டும் கருகும். துளையின் விட்டம் 3.5 முதல் 4 மி.மீ. வரை இருந்தால் போதும்.

நேர் சுங்கானில் ஒரு வசதி, தண்டும் ஸ்டெம்மும் ஒரே கோட்டில் இருப்பதால் துளை போடுவது சுலபம், தப்பினால் கண்டுபிடிப்பதும் சுலபம். பஞ்சு சுற்றிய பைப் கிளீனர் கம்பியை வாய்ப்பக்கம் விட்டால், ஸ்டெம்மைக் கழற்றாமலேயே, எங்கும் முட்டாமல், பவுலின் அடியில் நுனி எட்டிப் பார்க்கணும். நடுவில் தட்டினால் டெனானும் துளையும் நேர்கோட்டில் இல்லை என்று அர்த்தம். டெனான் என்பது தண்டுக்குள் நுழைகிற ஸ்டெம்மின் குச்சி. துபாய்க்காரரிடம் இந்த ஒரு சோதனையைச் சொல்லி அனுப்பினாலே பாதி வேலை முடிஞ்சுது. கடையில் கிளீனர் ஒன்று கேட்டால் தருவாங்க.

அடுத்தது சுவர். வெளி விட்டத்தில் உள் விட்டத்தைக் கழித்து இரண்டால் வகுக்கணும். வெளியே 32, உள்ளே 19 என்றால் 6.5 மி.மீ. 5-க்குக் கீழே போனால் நம்ம காற்றுக்கு ஆகாது, கையில் பிடிக்க முடியாமல் சுடும். விளிம்பில் மட்டும் அளந்தால் ஏமாறுவோம். பில்லியர்டு பவுல் நடுவில் லேசாக உப்பி, மேலே சற்று ஒடுங்கும். இரண்டு இடத்திலும் அளங்க.

அடித்தரை கனத்தை அளக்க ஒரு பென்சில் போதும். குழிக்குள் தரை முட்டும் வரை விட்டு, விளிம்பு வருகிற இடத்தில் கட்டைவிரல் நகத்தால் பிடிச்சுக்குங்க. வெளியே எடுத்து, நகம் இருக்கும் இடத்தைப் பவுல் விளிம்போடு சேர்த்து வெளிப்பக்கமாக நிறுத்திப் பார்த்தால், பென்சில் நுனிக்குக் கீழே மிச்சம் இருப்பதுதான் தரை. 6, 7 மி.மீ. இருக்கணும்.

---

பதில் 2: வாடைக்காற்று

சங்குத்துறை காக்கா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்குங்க. டெனான் நீளத்தையும் அது போய் உட்காருகிற குழியின் ஆழத்தையும் ஒப்பிடணும். தீக்குச்சியைத் தண்டுக்குள் விட்டு, தடுக்கும் இடத்தில் அடையாளம் வைத்தால் ஆழம் கிடைக்கும். டெனானை அதன் பக்கத்தில் வைத்தால் இடைவெளி எவ்வளவு என்று தெரிஞ்சுடும். ஒரு மி.மீ. வரை பரவாயில்லை, மரம் ஈரத்தில் உப்புவதற்கு இடம் வேணும். இரண்டு மூன்று மி.மீ. வெற்றிடம் இருந்தால் சூடான புகை அங்கே திடீரென்று விரிந்து குளிர்ந்து தண்ணியாகும். நிறைய பேர் புகையிலை ஈரம் என்று நினைத்துக் காய வைத்துக் காய வைத்துத் தூளாக்குவாங்க. குற்றம் இந்தக் குழியில் இருக்கும்.

இப்போ ஸ்டெம். எபோனைட், அதையே வல்கனைட் என்றும் சொல்வாங்க, ரப்பரில் கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கியது. பல்லுக்கு மெத்தென்று இருக்கும், மெல்லிசாகவும் இழைக்கலாம். ஆனால் வெயிலும் ஈரமும் பட்டால் மேலே இருக்கும் கந்தகம் ஆக்சிஜனோடு சேர்ந்து, கறுப்பு போய்ப் பச்சையும் பழுப்புமாக நிறம் மாறும். வாயில் வைத்தால் பட்டாசு மருந்து மாதிரி ஒரு சுவை. மண்டபம், பாம்பன் பக்கம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் பஞ்சமா என்ன? ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுப் போனால் சீக்கிரமே மங்க ஆரம்பிக்கும்.

அக்ரிலிக் கெட்டி, நிறம் மாறாது. பல்லால் அழுத்திக் கடிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் கூசும். ஒரு எச்சரிக்கை: அக்ரிலிக்கை ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீங்க, மயிரிழை மாதிரி வெடிப்புக் கோடு விழும். தண்ணியும் துளி சோப்பும் போதும்.

என் தேர்வு, நம்ம கரைக்கு அக்ரிலிக்தான். பொத்தான் பக்கத்தில், அதாவது பல் பிடிக்கிற மேட்டுக்குச் சற்று முன்னால், கனம் 4 மி.மீ.யைச் சுற்றி இருக்கணும். மலிவான அக்ரிலிக்கில் அது 5, 6 மி.மீ.க்கு ஏறியிருக்கும், தாடை வலிக்கும். இதைப் படத்தில் பார்க்க முடியாது, கேட்டுத்தான் வாங்கணும்.

---

பதில் 3: பனங்கருக்கு

எபோனைட்டை இப்படி ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். பிடிச்சு முடிச்சதும் ஈரத்துணியால் ஸ்டெம்மைத் துடைத்து, மெழுகு எண்ணெய் ஒரு சொட்டு தடவி, வெயில் படாத டப்பாவில் போட்டால் கறுப்பாகவே இருக்கும். மங்கிப் போனாலும் தண்ணி தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாளால் 800-ம் நம்பரில் தொடங்கி 2000 வரை இழைத்துப் பாலிஷ் போட்டால் திரும்ப வரும். வெந்நீரில் மட்டும் கழுவாதீங்க, நொடியில் பச்சை ஏறும், சூடு கூடினால் வளையவும் செய்யும். துடைக்கச் சோம்பல் என்றால் வாடைக்காற்று சொல்வதுதான் சரி, அக்ரிலிக் வாங்குங்க.

வடிவத்துக்கு வரேன். பில்லியர்டு, லோவட், லிவர்பூல், கனேடியன், லம்பர்மேன் எல்லாமே நேர்க்குடும்பம்தான். பில்லியர்டில் தண்டு நீளமும் பவுல் உயரமும் ஏறத்தாழச் சமம். மற்ற நான்கிலும் தண்டு நீளம், ஸ்டெம் குட்டை. தண்டு உருண்டையாக இருந்து, ஸ்டெம் வழவழன்னு சரிந்து ஒடுங்கினால் லிவர்பூல். அதே உருண்டைத் தண்டில் குதிரைச் சேணம் மாதிரி படி விழுந்த ஸ்டெம் என்றால் லோவட். தண்டு நீள்வட்டமாகி, ஸ்டெம் சரிவாக இருந்தால் கனேடியன், சேணமாக இருந்தால் லம்பர்மேன். விற்கிறவர்களே மாற்றி மாற்றி எழுதுவாங்க, பெயரை நம்பாமல் படத்தைப் பாருங்க.

இதில் ஒரு விஷயத்தை யாரும் யோசிக்கிறதில்லை. நேர் சுங்கானில் பவுலின் பாரம் பல்லிலிருந்து 12, 13 செ.மீ. தள்ளித் தொங்குது. துடுப்பின் நுனியைப் பிடித்துத் தூக்குகிற கதைதான். வளைந்த சுங்கான் 50 கிராம் இருந்தாலும் தாடைக்குக் கீழே தொங்குவதால் தெரியாது, நேரானது 45 கிராம் தாண்டினாலே பல் வலிக்கும். கையில் பிடித்தே இழுப்பீங்கன்னா கவலையில்லை. வாயில் கவ்விக்கொண்டு கயிறு இழுக்கிற, வலை பிரிக்கிற வேலை இருந்தால் 35 கிராமைச் சுற்றித் தேடுங்க.

மேற்பூச்சில் வழவழப்பானதை விட மணல் அடித்துச் சொரசொரப்பாக்கியது நல்லது. கொஞ்சம் மரம் போய்விடுவதால் இலேசு, ஈரக்கையில் வழுக்காது, விலையும் குறைவு. கண்ணாடி மாதிரி வார்னிஷ் மின்னினால் ஒதுக்கிடுங்க, சூட்டில் கொப்புளம் விடும். நல்ல கம்பெனிகள் மெழுகுதான் ஏற்றுவாங்க. வழவழ பவுலில் அங்கங்கே ரோஸும் பழுப்புமாகப் புள்ளி தெரிந்தால் அது புட்டி வைத்து அடைத்த குழி. புகைக்குக் கெடுதல் இல்லை, விலையைக் குறைத்துப் பேச உதவும்.

---

பதில் 4: கச்சான்

காற்றைப் பற்றி யாரும் சரியாகச் சொல்லவில்லை.

ஆனி ஆடியில் தனுஷ்கோடி ரோட்டில் நின்று பற்றவைத்தால் நீங்கள் இழுக்க வேண்டியதே இல்லை, காற்றே இழுக்கும். பவுல் வாயில் காற்று குறுக்கே ஓடினால் தணல் உலை மாதிரி சிவக்கும். விளிம்பு கருகும், அப்புறம் உள்சுவரில் ஒரு இடம் மட்டும் கரியாகி வெடிப்பு ஓடும். சுங்கான் செய்கிற பிரையர் மரம் எவ்வளவு உசத்தியானாலும் இதற்குத் தாங்காது. அதனால் அகலமான குழி வேண்டாம். 18, 19 மி.மீ. விட்டம், 35-க்கு மேல் ஆழம். வாய் குறுகினால் காற்று படுகிற தணல் பரப்பும் குறையும்.

ஓட்டை போட்ட தகர மூடி, காற்று மூடி என்று தனியாக விற்கும். வாங்கிக்குங்க. மூடி போட்டதும் காற்று குறையும் என்பதால் புகையிலையை வழக்கத்தை விடத் தளர்வாக நிரப்பணும், இல்லைன்னா அணைஞ்சு போகும். மூடி இல்லாத நேரம் காற்றுக்கு முதுகு காட்டி, கட்டைவிரலால் பவுல் வாயில் பாதியை மறைத்தால் போதும். ஜெட் லைட்டர் வேண்டவே வேண்டாம், அந்த நீலத் தீ விளிம்பு மரத்தையே எரிச்சுடும்.

வள்ளத்தில் மூடி இல்லாமல் கொளுத்தாதீங்க. பொறி ஒன்று நைலான் வலையில் விழுந்தால் அந்த இடத்தில் கண்ணி உருகி ஓட்டை. பக்கத்தில் டீசல் கேன் இருந்தால் சொல்லவே வேண்டாம். கீத்துக் கொட்டகைக்கும் இதே பேச்சுதான்.

தண்டில் நிக்கல் வளையம், வெள்ளி வளையம் போட்டதைத் தவிர்க்கலாம். உப்புக்காற்றில் வெள்ளி கறுக்கும், மட்டமான முலாம் உரிஞ்சு வரும். வளையம் சில நேரம் தண்டில் விட்ட கீறலை மறைக்கவும் போட்டிருப்பாங்க, பழைய சுங்கானில் முக்கியமாகப் பாருங்க.

---

பதில் 5: சங்குத்துறை

ஃபில்டர் கேள்வியை விட்டுட்டோம். 9 மி.மீ. ஃபில்டர் வைக்கிறது ஜெர்மனிப் பழக்கம், உள்ளே கரித்தூள் குழாய். இத்தாலியின் சாவினெல்லி, 1876-ல் தொடங்கிய கம்பெனி, 6 மி.மீ. அளவில் பால்சா மரத்துண்டு போடுகிற மாடலும் செய்யுது. ராமநாதபுரத்தில் இந்த ஃபில்டர் எங்கே கிடைக்கும்? தீர்ந்துபோனால் அந்த இடம் வெற்றுக் குகையாகி, வாடைக்காற்று சொன்ன அதே தண்ணி அங்கேயும் சேரும். அடாப்டர் போட்டு அடைக்கலாம், ஆனால் ஃபில்டருக்காகக் குடைந்த டெனானின் சுவர் மெல்லிசு. ஃபில்டர் இல்லாததையே கேளுங்க.

ஃபில்டர் வைத்தால் உடம்புக்குப் பாதுகாப்பு என்று நினைக்கிறவங்களுக்கும் ஒரு வரி. புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாய், நாக்கு, தொண்டைப் புற்றுநோய் ஆபத்து சுங்கானுக்கும் உண்டு. நிகோடின் வாயின் தோல் வழியாகவே ஏறும்.

ஊருக்கு வருகிறவர் புகையிலையும் கொண்டு வருவார் என்றால், தீர்வையில்லாமல் கொண்டு வர வரம்பு உண்டு, 2016-ன் பயணப்பொதி விதியில் அது 125 கிராமாக இருந்தது. வரம்புக்கு மேல் கொண்டு வந்தால் விமான நிலையத்தில் தீர்வை கட்டணும்.

---

கேட்டவர்: மண்டபம்முனை

ரொம்ப நன்றி அண்ணன்மாரே. இன்னும் இரண்டு சந்தேகம். நம்ம ஊரில் காடாய்க் கிடக்கிற சீமைக்கருவேலத்தில் கடைசல்காரரிடம் கொடுத்துக் கடைந்தால் என்ன? இணையத்தில் தோதகத்தி, ஷீஷம் சுங்கான் சில நூறு ரூபாய்க்கு இருக்கே, அது? பழைய சுங்கான், எஸ்டேட் பைப் என்று விற்பதை நம்பலாமா?

---

பதில் 6: பனங்கருக்கு

சீமைக்கருவேலம் கெட்டி மரம்தான், ஆனால் அடிமரத்தில் ரேகை நீளவாக்கில் ஓடும். தீச்சூடும் ஈரமும் மாறி மாறிப் பட்டால் ரேகை வழியே பிளக்கும். பிரையர் மரமே வேறு சங்கதி. அது மத்தியதரைக் கடல் ஓரத்தில் வளர்கிற எரிகா ஆர்போரியா என்கிற புதர், அதன் வேரடியில் உருண்டு திரள்கிற முண்டைத் தோண்டி எடுப்பாங்க. அந்த முண்டில் ரேகைகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும், அதனால் சுலபத்தில் பிளக்காது. வெட்டின கட்டையை மணிக்கணக்கில் வேகவைத்துச் சாறு இறக்கி, மாதக்கணக்கில் நிழலில் ஆற வைத்த பிறகுதான் கடைசலுக்குப் போகும். பிரான்சில் சாங் குளோத் ஊரில் 1850-களில் ஆரம்பித்த வேலை இது. கடைசல்காரர் ஒரு நாளில் முடித்துக் கொடுக்கிற கருவேலச் சுங்கான் அலமாரியில் வைக்க அழகாக இருக்கும்.

தோதகத்தி, ஷீஷம் இரண்டுக்கும் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு, தீ பட்டால் மரவாடை புகையோடு சேரும். அந்த விலையில் வருவது பெரும்பாலும் பரிசுப்பொருள். உள்ளேயும் வார்னிஷ் அடித்திருப்பாங்க, துளையும் ஏனோதானோ என்றிருக்கும்.

காசு குறைவு, பழகிப் பார்க்கணும் என்றால் மக்காச்சோளக்கட்டைச் சுங்கான் இருக்கே. அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்து வாஷிங்டன் ஊரில் 1869 முதல் சோளக்கட்டையில் செய்யுறாங்க, மிசௌரி மீர்ஷாம் என்று பெயர். நேர் ஸ்டெம் கேட்டு வாங்கலாம், உள்ளே காகித ஃபில்டர் இருந்தால் உருவிப் போட்டுடுங்க. பிரையரின் விலையில் சின்னப் பங்குதான், பழக்க வேண்டிய வேலையும் இல்லை. கச்சானில் கருகிப்போனாலும் மனசு வலிக்காது.

---

பதில் 7: வாடைக்காற்று

எஸ்டேட் வாங்கலாம், பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் நாலு படம் கேளுங்க. பவுலை மேலிருந்து, தண்டு வாயை ஸ்டெம் கழற்றி, பொத்தானை அருகில், டெனானைப் பக்கவாட்டில். உள்ளே கரிப்படலம் ஒரு மி.மீ., ஒன்றரை மி.மீ. இருந்தால் நல்லதே, அது மரத்துக்குக் கவசம். அதற்கு மேல் தடித்திருந்தால் சூட்டில் கரி விரியும், மரம் அவ்வளவு விரியாது, பவுல் வெடிக்கும். அப்படித் தடித்ததில் அடியில் விரிசல் இருந்தாலும் கரி மறைச்சிடும். தண்டு வாயில் மயிரிழைக் கோடு இருக்கா என்று பாருங்க. சூடு ஆறுவதற்குள் ஸ்டெம்மைப் பிடுங்கினவங்க கையில் இருந்த சுங்கானில் அது அடிக்கடி இருக்கும். உங்களுக்கும் அதே விதிதான், பிடிச்சு முடிச்சு முழுசாக ஆறின பிறகு, ஒரே பக்கமாக முறுக்கிக் கழற்றணும்.

முன்னாள் சொந்தக்காரரின் வாடை போக வழி ஒன்று உண்டு. ஸ்டெம்மைக் கழற்றிவிட்டு, தண்டு வாயைக் கிளீனரால் அடைத்து, பவுலில் கல்லுப்பை விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை நிரப்புங்க. நம்ம வாலிநோக்கம் உப்பளத்து உப்பே போதும், அயோடின் சேர்த்தது வேண்டியதில்லை. ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைச் சொட்டுமருந்துக் குழலால் உப்பு நனைகிற அளவு மட்டும் விட்டு, இரவு முழுக்க வையுங்க. காலையில் உப்பு வெல்லப்பாகு நிறத்துக்கு வந்திருக்கும். கொட்டிவிட்டு, துடைத்து, இரண்டு மூன்று நாள் காய வைக்கணும். சிலர் உப்பு மரத்தை வெடிக்க வைக்கும் என்று பஞ்சு வைப்பாங்க, அதுவும் வேலை செய்யும், பாதுகாப்பும் கூட. எரிசாராயம், பெயின்ட் கடை ஸ்பிரிட் கூடவே கூடாது, அதில் மெத்தனால் இருக்கும். ஆல்கஹால் வெளிப்பூச்சில் வழிந்தால் சாயமும் இறங்கும்.

---

கேட்டவர்: மண்டபம்முனை

துபாய்க் கடை ஒன்றில் கேட்டு அளவு அனுப்பியிருக்காங்க. மணல் அடித்த பில்லியர்டு, அக்ரிலிக் ஸ்டெம். மொத்த நீளம் 146, எடை 41 கிராம், பவுல் உயரம் 44, வெளி விட்டம் 33, உள் விட்டம் 20, ஆழம் 37. மி.மீ. கணக்கு. வாங்கலாமா?

---

பதில் 8: சங்குத்துறை

கணக்கு சரியாக வருது தம்பி. சுவர் 33-ல் 20 போனால் 13, பாதி 6.5. தரை 44-ல் 37 போனால் 7. எடை 41, கொஞ்சம் கூடுதல்தான், கையில் பிடித்து இழுக்கிறதுக்கு ஒன்றும் செய்யாது. குழி 20 என்பது கச்சான் சொன்னதை விட ஒரு சுற்று அகலம், காற்று மூடியையும் சேர்த்து வாங்கிடுங்க. நீளம் 146 என்பதால் 15 செ.மீ. கிளீனர் எட்டும், ஆனால் இரண்டு பக்கமும் பிடித்து உருவ 16 செ.மீ. இருந்தால் கை வசதி.

இரண்டு விஷயம் அவர் அனுப்பவில்லை. டெனான் சாதாரணமா, 9 மி.மீ. ஃபில்டரா? அந்த வகையிலேயே இரண்டும் விற்கிறாங்க, பெட்டியில் சின்ன எழுத்தில்தான் போட்டிருக்கும். இன்னொன்று, கிளீனரை வாய்ப்பக்கம் விட்டு, பவுலை மேலிருந்து டார்ச் அடித்து ஒரு படம். கம்பி நுனி தரையை ஒட்டி நடுவில் தெரியணும்.

அந்தப் படம் எடுக்க மாட்டேன் என்றால் பக்கத்துக் கடைக்குப் போகச் சொல்லுங்க.

---

பதில் 9: கச்சான்

வந்ததும் முதல் எட்டு பத்துத் தடவை பாதிப் பவுல்தான், அதுவும் வீட்டுக்குள். கரிப்படலம் பிடிக்கிறதுக்கு முன்னாடி கடற்கரைக்கு எடுத்துட்டுப் போயிடாதீங்க மாப்ளே. ஒரு தடவை பிடிச்சால் ஒரு நாள் ஓய்வு கொடுங்க, ஐப்பசி கார்த்திகையில் இரண்டு நாள், மரம் காய நேரமாகும். புகையிலையை ரப்பர் வளையம் போட்ட கண்ணாடிப் பாட்டிலில் வையுங்க. பையோடு அப்படியே வைத்தால் மழைக்காலத்தில் வெள்ளைப் பூஞ்சை பூக்கும்.